ஈரல் வாங்காத வீடு

குதைபியா, பஹ்ரைன்
14-3-1976

அன்புள்ள பூவாயி மதினிக்கு,

மாயாண்டி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், டூட்டிக்குப் போகிறேன். அங்கே நீங்கள், அண்ணன், அத்தை எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பா பால் குடிக்கிறாளா?

உங்கள் தங்கச்சி வள்ளி போய் இன்றோடு நாற்பத்தைந்து நாள். தந்தி என் கைக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அதில் இருந்ததே நாலு வார்த்தை. 'நாகவள்ளி இறந்தாள், குழந்தை நலம்.' எனக்கு என்னவோ கடைசி இரண்டு வார்த்தைதான் முதலில் கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டே முதல் இரண்டு வார்த்தைக்குப் போனேன். அதற்குள் எல்லாம் முடித்திருப்பீர்கள் என்று தெரியும். பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. நான் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டு வந்து என்ன பார்ப்பது என்று தோன்றிவிட்டது. மறுநாள் டூட்டிக்குப் போய்விட்டேன். ரூமில் உள்ளவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மதினி, இங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் ஆக்குகிற ஸ்டேஷனில் எனக்கு வேலை. கண்ட்ரோல் பேனல் என் பொறுப்பு. ஒரு பம்ப் நின்றுபோனால், எத்தனை மணிக்கு நின்றது, எதனால் நின்றது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் அந்தப் பம்பைத் திரும்ப ஓட்ட விடமாட்டார்கள். எனக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். அவளுக்கு என்ன ஆயிற்று? டாக்டர் என்ன சொன்னார்? முதலில் இருந்து வரிசையாக எழுதுங்கள்.

பாப்பாவை உங்களிடம் விட்டிருக்கிறேன் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

மாயாண்டி


சாத்தூர்
2-4-1976

அன்புள்ள தம்பிக்கு,

பூவாயி எழுதுறேன். இங்க எல்லாரும் இருக்கோம். உங்க வலது கை இப்ப எப்படி இருக்கு? மொதல்ல அத எழுதுங்க. தபால்காரர் கவரக் கொடுத்ததும் மேல இருந்த எழுத்தப் பாத்துட்டு எங்கம்மா கண்ணுல ஒத்திக்கிட்டா. கரண்டு தீயில கை வெந்துருச்சுன்னு இடது கையால கோணல்மாணலா எழுதுனீங்களே, அந்த எழுத்து இல்லையே, பழையபடி குண்டு குண்டா இருக்கே, அப்ப கை ஆறிருச்சுன்னு அவளுக்கு ஒரு ஆறுதல். பேனா பிடிக்கும்போது வலிக்குதா? வெரல் மடங்குதா?

பாப்பாவுக்கு சுசீலான்னு பேரு வச்சோம். பொண்ணா இருந்தா அந்தப் பேருதான்னு வள்ளி முன்னமே சொல்லி வச்சிருந்தா. பசும்பால்தான் குடுக்குறோம். எங்க வீட்டு அவருக்குக் குழந்தை அழுதா தூக்கம் வராது, இவ அழுதா மட்டும் எந்திரிச்சுத் தூக்கிக்கிட்டு நடக்காரு.

வள்ளிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்க. பிரசவத்துல ரத்தம் நிக்கல தம்பி. ஆஸ்பத்திரில என்னென்னமோ செஞ்சாங்க. விடியுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. காரணம்னு கேட்டா சாமியத்தான் கேக்கணும்.

வேளைக்குச் சாப்பிடுங்க. கையில தண்ணி படாம பாத்துக்கங்க.

உங்க மதினி
பூவாயி


குதைபியா
25-4-1976

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சுசீலா என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எனக்குக் காய்ச்சல், தலைவலி ஒன்றும் கிடையாது. கை பரவாயில்லை.

போன வெள்ளிக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. அதை எழுதுகிறேன். எங்கள் எஞ்சினியர் மிஸ்டர் கிளெக் என்று ஒரு வெள்ளைக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இங்கிலாந்தில் ஓல்டாம் என்கிற பஞ்சாலை ஊர். மாயாண்டி என்று சொல்ல வராமல் என்னை ஆண்டி என்றுதான் கூப்பிடுவார். இங்கே எல்லாருக்குமே நான் இப்போது ஆண்டிதான்.

எங்கள் மெஸ்ஸில் சமையல் சேதுமாதவன், பாலக்காட்டுக்காரர். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு ஆடு முழுசாக வரும். கறியை எடுத்துக்கொண்டு குடலையும் ஈரலையும் வாளியோடு கொண்டுபோய்த் தெருநாய்களுக்குக் கொட்டுவார். நான் பின்வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளெக் ஏதோ சாவி வாங்க வந்தவர் வாளியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஆண்டி, இவன் எதைக் கொட்டுறான்னு பாத்தியா?"

"குடல் சார்."

"குடல்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மா பாத்திருந்தா இவனை அந்த வாளியாலயே அடிச்சிருப்பா!"

சேதுமாதவனுக்கு வந்த கோபம். "சாரினோடு பறயடோ, இது பட்டிக்கு உள்ளதா, மனுஷ்யனு உள்ளதல்ல" என்கிறார். பட்டி என்றால் அவர் பாஷையில் நாய். நான் அதை அப்படியே கிளெக்கிடம் சொன்னேன். "அப்படின்னா நான் இருபது வருஷம் நாயா இருந்திருக்கேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார்.

யாருக்குச் சுத்தம் பண்ணத் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்று என் வாய் சொல்லிவிட்டது. வெந்நீரில் சுண்ணாம்பு கலந்து ஊற வைத்தேன். டர்க்கித் துண்டு மாதிரி இருக்கும் இரைப்பையை உரசி உரசிக் கறுப்பை எடுத்தேன். நீளக் குடலை ஒரு குச்சியில் மாட்டி உள்ளே வெளியே திருப்பிக் கழுவினேன். வள்ளி செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேனே தவிர நானாகச் செய்தது இல்லை. ஆனால் கை தானாகச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை குடல் வாங்கி வரும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே.

குழம்பு வைக்கலாம் என்று மிளகு, சோம்பு எடுத்தேன். கிளெக் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டார். பாலை ஊற்றினார் மதினி. பாலும் வெங்காயமும் உப்பும். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கொதித்தது. வெள்ளையாக, மிருதுவாக, ஒரு ருசியும் இல்லாமல் இருந்தது. எனக்கு இப்போது எதுவுமே அப்படித்தான் இருக்கிறது. அதனால் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன். கிளெக் மூன்று தட்டு. சின்ன வயதில் அவருக்குப் புதன்கிழமை என்றால் குடல், மாட்டுக் குடல். அதற்கென்றே அவர்கள் தெருவில் ஒரு கடை இருந்ததாம். வெளுத்துச் சுத்தம் செய்து துணி மாதிரி மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பார்களாம். அதைச் சமைக்காமல் அப்படியே வினிகர் ஊற்றித் தின்பவர்களும் உண்டாம். வியாழக்கிழமை ஈரலும் வெங்காயமும். கறி வறுத்த சட்டியில் உறைந்த கொழுப்பை ரொட்டியில் தடவி உப்புத் தூவிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புவார்களாம்.

சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார். அவருடைய அக்கா பதினாறு வயதில் பஞ்சாலையில் மயங்கி விழுந்தாளாம். ரத்தம் இல்லை, ஈரல் கொடுங்கள் என்றாராம் டாக்டர். ஒரு மாதம் வீட்டில் எல்லாருடைய ஈரலும் அக்கா தட்டுக்குப் போனதாம். அவள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாளாம், மூன்று பேரப்பிள்ளைகளாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வள்ளி எப்போதும் வெளுப்பு. டாக்டர் அவளுக்கும் சொல்லியிருப்பார். ஈரல், சுவரொட்டி என்று ரத்தம் ஊறுகிற கறியெல்லாம் வாங்கிக் கொடுத்தீர்களா மதினி? அவள் சாப்பிட்டாளா?

பாப்பாவுக்கு என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம்.

மாயாண்டி


சாத்தூர்
20-5-1976

அன்புள்ள தம்பிக்கு,

இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. அம்மாவுக்கு முட்டி வலி, மத்தபடி சுகம். உங்க கை? தழும்பு கறுத்திருக்கா, செவந்திருக்கா? செவந்திருந்தா இன்னும் உள்ள ஆறலன்னு அர்த்தமாம், அம்மா எழுதச் சொன்னா.

உங்க லெட்டர வாசிச்சுக் காட்டினேன். தொரைமாரு குடல் திங்குறாங்களான்னு எங்க வீட்டு அவரு நம்பவே இல்ல. "நம்மள ஆண்டவங்கெல்லாம் குடல் தின்னுட்டா ஆண்டானுக?"ன்னு கேக்காரு. பால்ல குடலப் போட்டு அவிக்கிற கூத்த எங்கயும் கேட்டதில்ல. அந்தப் பாவத்துக்குத்தான் நாட்ட விட்டுப் போனாங்க போல. அம்மாகூட சிரிச்சா. வள்ளி போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான்.

ஈரல் குடுத்தோமான்னு கேட்டிருந்தீங்க. குடுத்தோம்னு வச்சுக்கங்க. போனவள இன்னும் தோண்டி என்ன தம்பி செய்ய? உங்க ஒடம்பப் பாருங்க.

சுசீலா குப்புற விழுந்துட்டா. தல நிமுந்து பாக்குறா.

பூவாயி


குதைபியா
8-6-1976

அன்புள்ள மதினிக்கு,

பாப்பா குப்புற விழுந்ததைப் பேனல் புத்தகத்தில் ஓரத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அத்தையின் முட்டி வலிக்கு ஒரு தைலம் இங்கே வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

'குடுத்தோம்னு வச்சுக்கங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டரில் முள் நூறில் நிற்கிறதா என்று கேட்டால், நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் நான் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். அங்கேதான் கோளாறு இருக்கும். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். திட்டவோ யாரையும் குற்றம் சொல்லவோ நான் கேட்கவில்லை. தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கிளெக் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார் இப்போது. சேதுமாதவனும் வாளியை எங்களுக்கென்று எடுத்து வைத்துவிடுகிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுப்பார். போன வாரம் ஆட்டு இதயத்தைப் பிளந்து உள்ளே ரொட்டித் தூளும் வெங்காயமும் ஒரு பச்சிலையும் அடைத்து நூலால் தைத்து அடுப்பில் வைத்தார். அதற்கு அவர்கள் வீட்டில் வாத்து என்று பெயராம்.

"எட்டு வயசு வரைக்கும் நெசமாவே வாத்துன்னு நினைச்சிருந்தேன் ஆண்டி. கிறிஸ்துமசுக்கு எங்க வீட்ல வாத்துன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வருவேன்."

"அப்புறம் யார் சொன்னது?"

"வாத்துக்கு ரெக்கை எங்கேன்னு அப்பாகிட்ட கேட்டேன். அவரு சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியோட சாஞ்சுட்டாரு. ஏம்மா பொய் சொன்னேன்னு அம்மாகிட்ட அழுதேன். நெசத்தைச் சொல்லியிருந்தா தின்னிருப்பியான்னு கேட்டா."

அவர் சிரித்தார். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மாயாண்டி


சாத்தூர்
11-7-1976

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்துச்சு. இந்த லெட்டர நான் அம்மாவுக்குத் தெரியாம எழுதுறேன். பக்கத்துல யாரும் இல்லாத நேரமாப் பாத்து, உக்காந்துக்கிட்டு வாசிங்க.

உங்களுக்கு எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப எழுதாம முடியல.

ஆறாம் மாசம் வள்ளிய லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ண எறக்கிப் பாத்துட்டு, "என்னம்மா, காகிதம் மாதிரி இருக்கே! வாரத்துல மூணு நாள் ஈரல், சுவரொட்டி சாப்பிடு. இல்லாட்டி பிரசவத்துல கஷ்டம்"னு பச்சையாச் சொன்னாங்க. மாத்திரையும் குடுத்தாங்க. மாத்திரையத் தின்னா வாந்தி. ஈரலத் தின்னவே மாட்டேன்னுட்டா.

அன்னைக்கு டாக்டர்கிட்ட இருந்து வெளிய வந்ததும் கேட்டேன். "ஏன்டி, ஈரல்னா சட்டிய வழிச்சித் திம்பியே?"

"அக்கா, நான் இருக்கன்குடி ஆத்தாவுக்கு நேந்துருக்கேன். அவருக்குக் கை நல்லா ஆயி, ஊருக்கு வந்து, ஆத்தா முன்னால அந்தக் கைய நீட்டி, வெள்ளியில கை உரு வாங்கிப் போடுற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்."

"புள்ளத்தாச்சிக்கு வெரதம் கெடையாதுடி!"

"அது மத்த வெரதம். இது அவரு கை. டாக்டரு சொன்னத அவருக்கு எழுதினே, நான் ஒங்கூடப் பேசவே மாட்டேன்."

நான் என்ன தம்பி செய்ய? கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கீரையில ஈரலப் பொடிசா நறுக்கிப் போட்டுக் குடுத்தேன். மோந்து பாத்துட்டுத் தட்டத் தள்ளிட்டா. உங்களுக்கு எழுதியிருக்கணும். எழுதல. அந்தத் தப்பு என்னோடது. அவ உங்களுக்காகத்தான் தின்னாம கெடந்தான்னு தெரிஞ்சா நீங்க உசுரோட இருக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்.

இப்ப எதுக்கு எழுதுறேன்னா, சுசீலாவும் வெளுத்துக்கிட்டே வர்றா. அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறு நடக்குது. சிரிக்க மாட்டேங்குறா. அதே டாக்டரம்மா கண்ண எறக்கிப் பாத்தாங்க. "வெறும் பசும்பால்ல ரத்தம் ஊறாது. டானிக் எழுதுறேன், அதோட ஈரல வேகவச்சு மசிச்சு ஊட்டுங்க"ன்னாங்க. அம்மா ஒத்துக்க மாட்டேங்குறா. "நேத்திக்கடன் பாதியில நிக்கிது. மகளக் குடுத்து அவரு கைய மீட்டுருக்கேன். இந்த அடுப்புல கவிச்சி ஏறுனா அந்தக் கை போயிரும்"ங்கிறா. வள்ளி போன நாள்ல இருந்து இந்த வீட்டுல கறியே வாங்கல.

நீங்க வாங்க தம்பி. வந்து கைய நீட்டிட்டுப் போயிருங்க.

பூவாயி


குதைபியா
29-7-1976

மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. என் கை முழுக்கச் சரியாகிவிட்டது. தழும்புகூட இல்லை. அத்தையிடம் சொல்லிப் பாப்பாவுக்கு ஈரல் கொடுக்கச் சொல்லுங்கள். உடனே.

வள்ளி எந்தத் தேதியில் நேர்ந்துகொண்டாள் என்று மட்டும் எழுதுங்கள்.

மாயாண்டி


சாத்தூர்
22-8-1976

அன்புள்ள தம்பிக்கு,

ஆடி முடிஞ்சது. இருக்கன்குடிக்குக் கூட்டம் கூட்டமாப் போனாங்க. நாங்க போகல, போக முகமில்ல.

உங்க லெட்டர அம்மாவுக்கு வாசிச்சேன். கையெடுத்துக் கும்பிட்டா. ஆனா ஈரல் வாங்கக் கூடாதுங்கிறா. "தழும்பு இல்லாம ஆறுதுன்னா அது ஆத்தா செஞ்சது. அவகிட்டயே ஏமாத்தச் சொல்லுறியா?"ன்னு என்னத்தான் வையுறா.

நேந்த தேதி கேட்டீங்க. போன ஐப்பசி. நீங்க இடது கையால எழுதின மொத லெட்டரு வந்த மறுநாளு. வெள்ளனத்துலயே எந்திரிச்சு, என்னையும் கூப்பிடாம பஸ் ஏறிப் போயிட்டா. அந்த லெட்டரத் தலகாணி உறைக்குள்ளயே வச்சிருந்தா. ஒவ்வொரு எழுத்தையும் வெரலால தடவித் தடவிப் பாப்பா. "இந்த 'ள'வப் போட எவ்வளவு வலிச்சிருக்கும் பாருக்கா"ம்பா.

எனக்கும் பயந்தான், மறைக்க மாட்டேன். ஒளிச்சு ஊட்டிறலாம்னு ரெண்டு தடவ கசாப்புக் கடை வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். நான் ஊட்டி, அங்க உங்க கைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? புள்ள ஒக்கார வேண்டிய வயசுல துணி மாதிரி சரியுறா தம்பி. டாக்டரம்மா, "இன்னொரு சாவு பாக்கணுமா உங்க வீட்டுக்கு?"ன்னு கேட்டுட்டாங்க.

எப்ப வர்றீங்க?

பூவாயி


குதைபியா
10-9-1976

மதினிக்கு,

இந்தக் கடிதத்தை அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வார்த்தையும் விடாமல் வாசியுங்கள்.

எனக்கு டிசம்பர் பத்தாம் தேதிக்கு முன்னால் லீவு இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன், பாஸ்போர்ட் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள். டிசம்பரில் வந்து, இருக்கன்குடிக்குப் போய், நல்ல கையை ஆத்தா முன்னால் நீட்டி, வெள்ளி உரு வாங்கிப் போட்டுவிட்டு, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய வராது. நாற்பது நாளாக அதைத்தான் யோசித்தேன். ஆனால் டிசம்பருக்கு மூன்று மாதம் இருக்கிறது. பாப்பாவுக்கு மூன்று மாதம் இல்லை.

என் கை எரியவில்லை மதினி. எரியவே இல்லை. எந்தக் கையும் எரியவில்லை.

போன வருஷம் அக்டோபரில் வள்ளி எழுதியிருந்தாள், டிசம்பர் முதல் வாரம் வளைகாப்பு, எப்படியாவது வந்துவிடுங்கள், இரண்டு நாள் இருந்தால்கூடப் போதும் என்று. அதே வாரத்தில் கிளெக் என்னைக் கூப்பிட்டு, டிசம்பரில் பிளான்ட் பதினைந்து நாள் நிற்கும், ஊருக்குப் போய்விட்டு வருகிறாயா, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஜனவரியில் எங்களில் ஒருவரைச் சார்ஜ்ஹேண்ட், அதாவது மற்றவர்களுக்கு மேலாள், ஆக்கப்போவதாகப் பேச்சு. நானும் பாஸ்கர் என்று ஒருத்தனும் வரிசையில் இருந்தோம். நான் இல்லாத பதினைந்து நாளில் அவன் பேனலைப் பிடித்துக்கொள்வான் என்று பயந்தேன். வீட்டில் கூப்பிடவில்லை சார், அவசியம் இல்லை என்று கிளெக்கிடம் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு என்ன எழுதுவது? வரமுடியும், ஆனால் வரவில்லை என்று எழுதினால் அழுவாள். லீவு தரவில்லை என்று எழுதலாம் என்றால், பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் இதே கம்பெனியில் வேறு கேம்ப்பில் இருக்கிறான், என்னைப் பார்ப்பதில்லை, ஆனால் டிசம்பர் லீவு அவனுக்கும் தெரியும், அவன் அம்மா மூலம் தெரிந்துவிடும். அதனால் சுவிட்ச் ரூமில் தீப்பொறி அடித்து வலது கை வெந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள், டாக்டர் பிரயாணம் செய்யக்கூடாது என்கிறார் என்று எழுதினேன். அவள் நம்ப வேண்டும் என்று இடது கையால் எழுதினேன். முதலில் மூன்று காகிதம் எழுதிக் கிழித்தேன். ரொம்பக் கோணலாக இருந்தால் பயப்படுவாள், நேராக இருந்தால் சந்தேகப்படுவாள் என்று கணக்காகப் பார்த்து எழுதினேன். அப்புறம் இரண்டு கடிதம் அப்படியே. ஜனவரி ஒன்றாம் தேதி என்னைச் சார்ஜ்ஹேண்ட் ஆக்கினார்கள்.

நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கை எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் பரவாயில்லை, பரவாயில்லை என்று எழுதினேன். காரணம் சொல்லுங்கள் என்று உங்களைக் குடைந்தேன். காரணம் என் எழுத்தில் உங்கள் வீட்டுத் தலையணைக்குள் இருந்திருக்கிறது.

இன்று கிளெக்கிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார். என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"அவ கூப்பிடலைன்னு எங்கிட்ட சொன்னியே."

"ஆமா சார்."

"கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா சார்."

அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "எழுது. இன்னைக்கே எழுது. அந்தக் குழந்தை வாயில ஈரல் போகணும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஈரலை யாரும் சாப்பிடவில்லை.

ஆத்தாவுக்குக் கடன் ஒன்றும் இல்லை மதினி. இல்லாத காயத்துக்கு நேர்ந்தது அது. அடுப்பை மூட்டுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.

மாயாண்டி


குதைபியா
10-10-1976

மதினிக்கு,

ஒரு மாதம் ஆகிறது. ஒரு வரி போதும். பாப்பா எப்படி இருக்கிறாள்? என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ அதை எழுத வேண்டாம். பாப்பா இருக்கிறாளா என்று மட்டும் எழுதுங்கள்.

மாயாண்டி


சாத்தூர்
2-11-1976

மாயாண்டிக்கு,

சுசீலா இருக்கா.

உங்க லெட்டர ஒரு வார்த்த விடாம அம்மாவுக்கு வாசிச்சேன். மொதல்ல அவளுக்குப் புரியல. "எரியவே இல்லையா?"ன்னு கேட்டா. எரியலன்னேன். "அப்ப கட்டு?" கட்டும் பொய்ன்னேன். "டாக்டரு?" டாக்டரும் பொய்ன்னேன். கடைசியா, "அப்ப எம்புள்ள எதுக்குடி தின்னாம கெடந்தா?"ன்னு கேட்டா.

எங்க வீட்டு அவரு உடனே உங்களுக்கு எழுதுறேன்னு பேனாவ எடுத்தாரு. எழுதவேண்டிய வார்த்தையெல்லாம் புள்ள இருக்கிற வீட்டுல எழுதுற வார்த்தையா இல்ல. நான்தான் பிடுங்கி வச்சேன். அதுக்கப்புறம் எனக்கும் எழுத வரல.

ரெண்டு நாள் அம்மா பாய விட்டு எந்திரிக்கல. மூணாம் நாள் காலையில தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு அவளே கசாப்புக் கடைக்குப் போனா. செய்கு முகம்மது பாய் கேட்டாராம், "என்ன ஆத்தா, மாசக்கணக்காச்சே, கடையவே மறந்துட்டீகளா?"ன்னு. அம்மா, "மறக்கல பாய், தெரியாம இருந்துட்டேன்"னு சொல்லியிருக்கா. அவருக்கு என்ன புரிஞ்சிருக்கும்? கால் கிலோ ஈரலோட ஒரு சுவரொட்டியச் சும்மாவே போட்டுக் குடுத்திருக்காரு.

சுவரொட்டியத் தணல்ல வாட்டி, தோல உரிச்சு, உப்பு மட்டும் போட்டு வெரலால நசுக்கி ஊட்டினா. புள்ள மொத வாயத் துப்பிருச்சு. அம்மா தொடச்சிட்டு மறுபடி வச்சா. மூணாவது வாய்க்கு அதுவே வாயத் தொறந்துச்சு. இப்ப ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. டாக்டரம்மா கண்ண எறக்கிப் பாத்துட்டு, "இப்பத்தான்மா நீங்க மனுசங்க"ன்னாங்க. பிடிக்காமலே ஒக்காருறா. கரண்டியத் தட்டுறா.

அம்மா மட்டும் இன்னும் ஒரு வாய்கூடத் தொடல. "அவ தின்னாதத நான் எப்படித் திங்க"ங்கிறா. எனக்கும் அந்த வாசனையில வள்ளி நெனப்புதான் வருது. ஆனா சமைக்கிறேன்.

கடன் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. உங்க காயம் பொய்யா இருக்கலாம். அவ பட்டினி பொய் இல்ல.

டிசம்பர்ல வர்றதுன்னா வாங்க. வாசல யாரும் மூட மாட்டோம். அம்மா உங்களோட பேச மாட்டா, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. வெள்ளியில உரு கிரு வாங்கிட்டு வராதீங்க. புள்ள வளந்து, தன்னப் பெத்தவ எதனால செத்தான்னு ஒரு நாள் கேப்பா. அன்னைக்கு நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம். நீங்கதான் சொல்லணும். அதுக்காகவாவது வாங்க.

புள்ளைக்கு ஊட்டுற நேரம் ஆச்சு. நிறுத்திக்கிறேன்.

பூவாயி